திருத்தணியிலிருந்து ஆடிட்டர் படிப்பு: முதலில் எது?

கணக்குத் தொழிலுக்கான சான்றிதழ் என்று இந்தியாவில் இன்று சொல்லத்தக்கவை ஆறு. மூன்று, நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்தவை: 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டயக் கணக்காளர், 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி அடக்கவிலைக் கணக்காளர், 1980-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுமச் செயலாளர். மற்ற மூன்றும் கடல் கடந்து வந்தவை: பிரிட்டனின் ஏ.சி.சி.ஏ., அமெரிக்காவின் சி.பி.ஏ., அதே அமெரிக்காவின் சி.எம்.ஏ. இவற்றில் எது உயர்ந்தது என்பது ஒரு கேள்வி. எதை முதலில் எடுப்பது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குச் சம்பளப் பட்டியலைக் காட்டியே விடை சொல்லிவிடலாம். இரண்டாவதற்குப் படிப்பவர் எந்தப் படியில் நிற்கிறார், வீடு எத்தனை ஆண்டு காத்திருக்கும், பாதியில் நின்றுபோனால் கையில் என்ன மிஞ்சும் என்பதெல்லாம் தெரிய வேண்டும்.

திருத்தணியில் வைத்து இந்தக் கேள்வியைப் பார்த்தால் அதன் முடிச்சுகள் தெளிவாகத் தெரிகின்றன. முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்றான இந்த மலைக்கோயில் ஊர் 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆந்திர எல்லை இன்றும் கூப்பிடு தூரம்தான். நகரி, புத்தூர் சந்தைகளோடு கொடுக்கல் வாங்கல் விட்டுப்போகவில்லை. சென்னை சென்ட்ரலுக்கு மின்ரயிலில் போனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பட்டயக் கணக்காளர் கழகத்தின் கிளைகள் ஒருபக்கம் வேலூரிலும் மறுபக்கம் திருப்பதியிலும் உள்ளன. தென்னிந்திய மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. எல்லாமே எட்டும் தூரம், எதுவுமே பக்கத்தில் இல்லை. பெருநகரத்துப் பயிற்சி மையங்கள் அச்சிடும் விளம்பரத் தாளில் இந்தத் தூரத்துக்கு ஒரு கட்டம் கிடையாது.

ஊரின் கணக்கு வேலை எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்க்கலாம். ஊரிலேயே அதிகமாக ரொக்கம் புழங்கும் இடங்களில் மலைக்கோயில் ஒன்று. உண்டியல் திறக்கும் நாளில் காணிக்கையைக் கொட்டி, நோட்டு தனி, சில்லறை தனி என்று பிரிப்பார்கள். பொன்னும் வெள்ளியும் எடை போட்டுத் தனியாகக் குறிக்கப்படும். இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில்களின் கணக்கு பசலி ஆண்டுப்படி ஓடுகிறது. ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும் ஆண்டு அது. 2024 ஜூலையில் தொடங்கியது 1434-ஆம் பசலி. மலையடிவாரத்து மளிகைக் கடைக்கோ ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஒரே தெருவில் இரண்டு கணக்காண்டு. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், கோயில் கணக்கைத் தணிக்கை செய்வது அரசின் தணிக்கைப் பிரிவு. அங்கே போக மேற்சொன்ன ஆறு சான்றிதழில் ஒன்றும் வேண்டியதில்லை. அரசுப் பணித் தேர்வும் துறைக் கணக்குத் தேர்வும்தான் வேண்டும்.

கடைத்தெருக் கணக்கு வேறு மாதிரி. மாதத்தின் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 20-ஆம் தேதிக்குள் வரிப் படிவம் என்று சரக்கு சேவை வரி ஊரையே ஒரு தாளத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. எல்லையோர ஊர் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. நகரிக்கு அனுப்பும் சரக்கு மாநிலம் தாண்டுகிறது. அதற்கு ஒருங்கிணைந்த வரி, 50,000 ரூபாயைத் தாண்டினாலே இ-வே பில். அரக்கோணத்துக்கு அனுப்பினால் தமிழ்நாட்டுக்குள்ளேயே போகிறது. இங்கே வரம்பு ஒரு லட்சம். ஆடிட்டர் ஆபீஸில் முதல் மாதம் சேர்ந்த பையன் கற்றுக்கொள்ளும் பாடம் இது. வாடிக்கையாளர் மஞ்சள் பையில் கொண்டுவந்து கொட்டும் பில்களைத் தேதிவாரியாக அடுக்குவது, கொள்முதல் பில்லை இணையதளத்தில் தெரியும் பட்டியலோடு ஒப்பிட்டு விடுபட்டதைக் குறிப்பது, விற்றவருக்குப் போன் போட்டுக் கேட்பது. இதற்கு டேலி தெரிந்தால் போதும், பி.காம். இருந்தால் நல்லது. சான்றிதழ் தேவைப்படுவது கடைசியில், கையெழுத்துப் போடும் இடத்தில்.

அந்தக் கையெழுத்துதான் இந்தக் கேள்வியின் அச்சு. நிறுமங்களின் சட்டப்படியான தணிக்கையிலும் வருமான வரிச் சட்டம் கேட்கும் வரித் தணிக்கையிலும் கையெழுத்திடும் உரிமை பட்டயக் கணக்காளர் ஒருவருக்கே உண்டு. வியாபார விற்றுவரவு ஒரு கோடியைத் தாண்டினால் வரித் தணிக்கை. ரொக்க வரவும் செலவும் 5 விழுக்காட்டுக்கு மேற்படாமல் இருந்தால் வரம்பு பத்துக் கோடி. திருத்தணி போன்ற ஊரில் தனியாகப் பலகை மாட்டி உட்கார நினைப்பவருக்கு இந்த ஒரு விதியே பாதி விடையைக் கொடுத்துவிடுகிறது. ஊரார் பேச்சிலும் அப்படித்தான்: ஆடிட்டர் என்றால் சி.ஏ. மற்றவர்கள் என்ன படித்திருந்தாலும் “கணக்கு பார்ப்பவர்”தான்.

தேர்வில் தேறுவதும் கையெழுத்துரிமை பெறுவதும் ஒன்றல்ல என்பதற்குச் சென்னையிலேயே பழைய சாட்சி இருக்கிறது. இந்தியாவின் முதல் பெண் பட்டயக் கணக்காளரான ஆர். சிவபோகம் 1907-இல் பிறந்தவர். இராணி மேரி கல்லூரியில் படித்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். அந்தக் காலத்து அரசுக் கணக்கியல் பட்டயத் தேர்வில் 1933-இல் தேறினார். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று விதி குறுக்கே நின்றது. வழக்காடி வென்று, 1937-இல்தான் தொழில் தொடங்கினார். பின்னாளில், 1955 முதல் 1958 வரை, கழகத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைமை வகித்தார்.

சட்டம் கொடுத்ததைச் சட்டமே எடுத்துக்கொள்ளவும் செய்யும். சரக்கு சேவை வரி 2017 ஜூலையில் வந்தபோது, பெரிய வணிகர்களின் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து சான்றளிக்கும் வேலை பட்டயக் கணக்காளருக்கும் அடக்கவிலைக் கணக்காளருக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. அடக்கவிலைக் கணக்காளர்களுக்குச் சிறு நகரங்களில் ஒரு கதவு திறந்தது என்று பேசப்பட்டது. 2021 ஆகஸ்டில் அந்தத் தணிக்கை நீக்கப்பட்டது. வணிகர் தாமே சான்றளித்தால் போதும் என்றாயிற்று. ஒரே ஒரு விதியை நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுத்தவர் நான்கே ஆண்டில் ஏமாந்திருப்பார்.

இனி, பட்டயக் கணக்காளர் பாதை. அடிப்படை, இடைநிலை, இறுதி என்று மூன்று படி. 2023-இல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் அடிப்படை நிலைக்கு நான்கு தாள். இடைநிலைக்கும் இறுதிக்கும் ஆறாறு தாள், இரண்டிரண்டு தொகுதியாக. நடுவில் ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் பயிற்சி: முன்பு மூன்றாண்டு, இப்போது இரண்டாண்டு. இடைநிலையின் இரண்டு தொகுதியும் தேறிய பிறகே அதில் சேர முடியும். ஒவ்வொரு தாளிலும் 40, தொகுதி மொத்தத்தில் பாதி என்பது தேர்ச்சி விதி. கேட்க எளிது. மூன்று தாளிலும் 50, 50, 49 என்று வாங்கியவரின் மொத்தம் 149. ஒரு மதிப்பெண்ணுக்காக மூன்று தாளையும் மறுபடி எழுத வேண்டும். ஒரு தாளில் 60 வாங்கியிருந்தால் மட்டும் அந்தத் தாளுக்கு அடுத்த மூன்று வாய்ப்புகள் வரை விலக்கு உண்டு. 2023 நவம்பர் இறுதித் தேர்வில் இரண்டு தொகுதியும் சேர்த்து எழுதியவர்களில் 9.42 விழுக்காட்டினர் தேறினர். அடுத்து வந்த 2024 மே தேர்வில் 19.88 விழுக்காடு. நல்ல தேர்விலும் ஐந்தில் நால்வர் திரும்பி வருகிறார்கள். கணக்குப்படி நாலு ஆண்டில் முடியும் படிப்பு பல வீடுகளில் ஏழெட்டு ஆண்டு நீள்வது இதனால்தான்.

பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் கழகம் நிர்ணயிக்கும் குறைந்தபட்சத் தொகை, பயிற்சி பெறும் ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது. சிறிய ஊருக்குச் சிறிய தொகை. சென்னைக்குப் போனால் தொகை கூடும், தங்கும் செலவும் கூடும். சீசன் டிக்கெட் எடுத்துத் தினமும் போய் வருபவருக்கு நாலு மணி நேரம் ரயிலிலேயே கழிகிறது. படிப்பதற்கு அதுவும் நேரம்தான், உட்கார இடம் கிடைத்தால்.

அடக்கவிலைக் கணக்காளர் பாதை இவ்வளவு பேசப்படுவதில்லை. பெரியவர்களுக்கு ஐ.சி.டபிள்யூ.ஏ. என்றால் தெரியும், கழகத்தின் பெயர் மாறி இப்போது சி.எம்.ஏ. ஆகிவிட்டது. 1944-இல் தொடங்கிய கழகம் இது. அடிப்படை நிலையில் நான்கு தாளும் கொள்குறி வினா; இடைநிலையிலும் இறுதியிலும் எட்டெட்டுத் தாள்; தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும்; பயிற்சி 15 மாதம். இந்தக் கல்வி எதைச் சொல்லித் தருகிறது என்பதைத் திருத்தணி வட்டாரத்து விசைத்தறியிலேயே காட்டிவிடலாம். ஒரு லுங்கிக்கு என்ன அடக்கம்? பாவு நூல், ஊடை நூல், சாயம், கஞ்சி போடும் செலவு, நெசவுக் கூலி இவை நேராக ஏறும். தறியின் தேய்மானம், கொட்டகை வாடகை, நின்றுபோன தறியின் நட்டம் இவற்றை எத்தனை லுங்கிக்குப் பங்கிடுவது? தமிழக அரசு விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசமாகத் தருகிறது. அப்படியானால் மின்சாரச் செலவு சுழியமா? வரம்பைத் தாண்டி ஓடும் மாதத்தில் அடுத்த லுங்கியின் அடக்கம் ஏறுமா? மாஸ்டர் வீவர் சொல்லும் கூலிக்கு ஒப்புக்கொள்ளலாமா, தறியை நிறுத்திவைப்பதே மேலா? தறிக்காரர்கள் மனக்கணக்கில் போட்டுவிடும் இந்தக் கேள்விகளைத்தான் அந்தப் பாடநூல்கள் விரித்துப் பேசுகின்றன.

கையெழுத்து என்று பார்த்தால் அடக்கவிலைத் தணிக்கை இவர்களுக்கே உரியது. ஆனால் அது நிறுமச் சட்டத்தின் கீழ் வருவது. விற்றுவரவு 35 கோடிக்கு மேல் போனால்தான் குறிப்பிட்ட தொழில்களில் அடக்கவிலைப் பதிவேடே கட்டாயம். பட்டியலில் சர்க்கரை இருக்கிறது, டயர் இருக்கிறது, துணியும் இருக்கிறது. திருவாலங்காட்டில் உள்ள திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை கூட்டுறவுச் சங்கம் என்பதால் நிறுமங்களுக்கான அந்த விதி அதைத் தொடாது. அரக்கோணத்து டயர் ஆலையையோ ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளையோ நடத்தும் நிறுமங்கள் அதற்குள் வரும். ஆக, திருத்தணியில் பலகை மாட்டுவதற்கு இது சரிப்படாது. ஊரிலிருந்து பேருந்தில் ஏறி ஆலைக்கு வேலைக்குப் போக இது சரியான சீட்டு.

நிறுமச் செயலாளர் படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது கணக்கைவிடச் சட்டத்தோடு அதிக உறவுள்ளது. செலுத்திய மூலதனம் பத்துக் கோடியும் அதற்கு மேலும் உள்ள நிறுமத்துக்கு முழுநேரச் செயலாளர் கட்டாயம் என்பதே அதன் அடித்தளம். அப்படிப்பட்ட நிறுமங்களின் பதிவு அலுவலகங்கள் சென்னையில் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதுவதில் கை தேர்ந்த, எண்களில் ஈடுபாடு குறைந்த மாணவருக்கு இது பொருந்தும். கணக்கையே தொழிலாகக் கொள்ள நினைப்பவருக்கு முதல் சான்றிதழாக வைக்கத் தகாது.

வெளிநாட்டுச் சான்றிதழ்களில் முதல் எச்சரிக்கை பெயரைப் பற்றியது. இந்தியச் சட்டப்படியான சி.எம்.ஏ.வும் அமெரிக்கச் சங்கம் தரும் சி.எம்.ஏ.வும் எழுத்தால் ஒன்று, மற்ற எல்லாவற்றாலும் வேறு. அமெரிக்கச் சான்றிதழுக்கு இரண்டே தாள். பட்டமும் இரண்டாண்டு அனுபவமும் வேண்டும். இந்தியாவில் எந்தத் தணிக்கையிலும் அதை வைத்துக் கையெழுத்திட முடியாது. “சி.எம்.ஏ. ஓராண்டில்” என்று விளம்பரம் கண்டால் அது எந்த நாட்டுடையது என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது. 1904-இல் லண்டனில் தொடங்கிய சங்கத்தின் ஏ.சி.சி.ஏ.வுக்குப் பதின்மூன்று தாள், மூன்றாண்டு அனுபவம். பட்டம் பெற்றவருக்குச் சில தாள்களில் விலக்கு; இந்தியப் பட்டயக் கணக்காளருக்கு ஒன்பது தாள் வரை விலக்கு. கட்டணம் பவுண்டில். சி.பி.ஏ. நான்கு தாள், சென்னையிலேயே எழுதலாம், ஆனால் மூன்றாண்டு பி.காம். மட்டும் பெரும்பாலும் போதாது, கூடுதல் கல்வி மதிப்பலகுகள் கேட்கிறார்கள். இவை பயனற்றவை என்று பொருளல்ல. தரமணியில் உலக வங்கியின் அலுவலகமே கணக்கு வேலை செய்கிறது. பன்னாட்டு நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகள் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக இருக்கின்றன. அங்கே இந்தப் பெயர்களுக்கு மதிப்பு உண்டு. வேலையில் அமர்ந்து, சம்பளத்திலிருந்து கட்டணம் கட்டி, இரண்டாவதாக எடுக்க இவை ஏற்றவை. ஒன்பது தாள் விலக்கு கிடைக்கும் படிப்பை முன்னால் முடித்துவிட்டுப் போவதா, பதின்மூன்று தாளையும் பவுண்டு கொடுத்து எழுதுவதா என்று பார்த்தாலே வரிசை புலப்படும்.

மொழியின் தடை எல்லாவற்றுக்கும் பொது. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மாணவர் பற்று, வரவு, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு என்றே இரண்டாண்டு கணக்குப் பதிவியல் கற்றிருப்பார். திருத்தணி வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு பேசுபவர்களும் நிறைய. சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும், சி.எம்.ஏ.வும் அப்படியே. இலங்கையில் கணக்கியல் நுட்பவியலாளர் சங்கத் தேர்வைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதலாம். இங்கே அந்த வழி இல்லை. கணக்குத் தாளில் இந்தத் தடை சீக்கிரம் உடைந்துவிடும், எண்களுக்கு மொழி குறைவு. சட்டத் தாளில்தான் உதைக்கும். விதியைத் தமிழில் புரிந்துகொண்டவர் அதை ஆங்கிலத்தில் நாலு வரியாக எழுத ஆறு மாதமாவது பழக வேண்டும். அடிப்படை நிலையில் சி.எம்.ஏ.வின் கொள்குறி வினாக்கள் தமிழ்வழி மாணவருக்குச் சற்று இரக்கம் காட்டுகின்றன. சி.ஏ. அடிப்படையில் கணக்கும் சட்டமும் விரித்தெழுத வேண்டியவை. அளவறிவும் பொருளாதாரமும் கொள்குறி, தவறான விடைக்குக் கால் மதிப்பெண் பிடித்தம் உண்டு. அளவறிவுத் தாளில் கணிதமும் புள்ளியியலும் இருப்பதால், பதினோராம் வகுப்பில் வணிகக் கணிதம் எடுத்தவர் முந்திக்கொள்கிறார். முதல் சான்றிதழ் எது என்ற முடிவு பாதியளவு பதினோராம் வகுப்புச் சேர்க்கை நாளிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது என்பதை எவ்வளவு பெற்றோர் அறிவார்கள் என்பது ஐயமே.

இவை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வரிசை மூன்று விதமாக அமைகிறது.

பிளஸ் டூவில் கணக்கு நன்றாக வந்த, வீட்டில் ஐந்தாறு ஆண்டு பொறுக்கக்கூடிய மாணவருக்குச் சி.ஏ. அடிப்படைதான் முதல். இரண்டு கழகத்தின் அடிப்படைத் தாள்களும் கணக்கு, சட்டம், கணிதம்-புள்ளியியல், பொருளாதாரம் என்று ஏறக்குறைய ஒன்றே. ஒரே படிப்பில் சி.எம்.ஏ. அடிப்படையையும் எழுதிவைக்கலாம்.

குடும்பத்துக்குச் சம்பளம் சீக்கிரம் வேண்டும், அல்லது ஆங்கிலம் இன்னும் கைவரவில்லை என்றால், திருத்தணி சுப்பிரமணியசுவாமி அரசு கலைக் கல்லூரி போன்ற இடத்தில் பி.காம். முதலில். அரசு நடத்தும் தட்டச்சுத் தேர்வும் கணக்கியல் தொழில்நுட்பத் தேர்வும் டேலியும் உடன் சேரட்டும். இவை தொழில்முறைச் சான்றிதழ் அல்ல. ஆனால் படிப்பு நின்றாலும் சோறு போடும். பட்டத்தில் 55 விழுக்காடு வந்தால் வணிகவியல் பட்டதாரி அடிப்படைத் தேர்வு இல்லாமலே சி.ஏ. இடைநிலைக்குப் போகலாம், வேறு பட்டம் என்றால் 60 வேண்டும். வராவிட்டால் கதவு அடைபட்டுவிடவில்லை. சி.எம்.ஏ. இடைநிலைக்கு எந்தப் பட்டமும் போதும், விழுக்காடு கேட்பதில்லை. அந்த இடைநிலையைத் தேறியவரைச் சி.ஏ. கழகம் தன் இடைநிலைக்கு நேரடியாகச் சேர்த்துக்கொள்கிறது. சுற்றுவழிதான், ஆனால் வழியெல்லாம் கைக்கு ஏதோ கிடைத்துக்கொண்டே போகும் சுற்றுவழி.

ஏற்கெனவே ஆலையிலோ அலுவலகத்திலோ வேலையில் இருப்பவருக்குச் சி.எம்.ஏ. முதல். இரண்டாண்டு ஆர்ட்டிகிள்ஷிப்புக்காக வேலையை விடுவது குடும்பஸ்தருக்கு ஆகாத காரியம். அரசு வேலையே குறி என்பவர்களும் இந்தச் சான்றிதழ்களை ஒதுக்க வேண்டியதில்லை: தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் கருவூலக் கணக்குத் துறைக்கு எடுக்கும் மூன்றாம் நிலைக் கணக்கு அலுவலர் பணிக்குச் சி.ஏ. அல்லது சி.எம்.ஏ. இறுதித் தேர்ச்சியே தகுதி.

பிளஸ் டூ எழுதும் மாணவர் கவனிக்க வேண்டிய தேதி ஒன்று உண்டு. சி.ஏ. அடிப்படைத் தேர்வு ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. பதிவு செய்து நான்கு மாதம் கழிந்திருக்க வேண்டும். செப்டம்பர் தேர்வுக்குப் பதிவின் கடைசி நாள் மே 1. தமிழ்நாட்டில் 2024-இல் பிளஸ் டூ முடிவு வந்தது மே 6, 2025-இல் மே 8. முடிவு பார்த்துவிட்டுப் பதியலாம் என்று இருப்பவர் ஜனவரி வரை காத்திருக்க நேரும். பதிவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும்.